கோமதியம்மா இடது கையால் போட்ட காபி

விற்ற மெஷின் பத்தாவது நாளே பெட்டியோடு கவுண்டருக்குத் திரும்பி வந்தால், அது விற்றவருக்குத் தோல்விதான். புனேயில் வீட்டுச் சாதனங்கள் விற்கும் கடையில் பதினெட்டு வருடமாகக் காபி மெஷின் கவுண்டரில் நிற்கிறேன். அப்படித் திரும்பி வந்தவை மிகக் குறைவு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பெட்டியைத் தூக்கி வந்தவர் சுந்தரம் சார். திருநெல்வேலிக்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, கடக்வாஸ்லா பக்கம் வீடு கட்டியவர். முதல் முறை வந்தபோது ஹிந்தியில் ஆரம்பித்தவர், பேட்ஜில் என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"வீட்டுக்காரிக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை சரியா வரலம்மா. முப்பது வருசமா அவதான் எனக்குக் காபி போட்டா. இனிமே அவ கஷ்டப்படக் கூடாது. இன்னைக்குக் கல்யாண நாள், சாயங்காலம் குடுக்கணும். பட்டனைத் தட்டினா காபி வரணும், அவ்வளவுதான்."

"அவங்க ஸ்ட்ராங்கா குடிப்பாங்களா, லைட்டாவா சார்?"

யோசித்தார். "தெரியலையேம்மா. எனக்குக் குடுத்துட்டுத்தான் அவ குடிப்பா. நான் கவனிச்சதே இல்ல."

அங்கேயே நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கைக் காட்டினேன். கொட்டையை அதுவே அரைக்கும், பாலை அதுவே நுரைக்கும். அவருக்கு ஒரே சந்தோஷம். கிஃப்ட் பேப்பர்கூட அவரே தேர்ந்தெடுத்தார்.

பத்து நாள் கழித்து அதே பெட்டி. கூடவே அவர் மனைவி கோமதியம்மா.

"மெஷின்ல ஏதாவது கோளாறா சார்?"

"மெஷின் நல்லாத்தான் ஓடுது. இவதான் தொடமாட்டேங்கா."

"தொடுறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார் கோமதியம்மா. "இவங்க பட்டனைத் தட்டுதாங்க, கப்பை நீட்டுதாங்க. நான் விருந்தாளி மாதிரி சோபாவுல உக்காந்திருக்கேன். கை விழுந்தப்போ நான் அழல. இதுக்கு அழுதேன்."

சுந்தரம் சார் பெட்டியின் மூலையைத் தடவியபடி நின்றார். "உனக்குச் சிரமம் வேண்டாம்னுதானே..."

"தெரியும். அதான் பத்து நாளா வாயைத் திறக்கல."

மேனேஜர் குல்கர்ணி எட்டிப் பார்த்தார். பிரித்த பெட்டிக்கு ரிட்டர்ன் கிடையாது என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். "தப்பு என்னோடது சார், சரியா கேக்காம வித்துட்டேன். இதை டெமோ பீஸா வெச்சுக்கலாம்" என்றேன். அவர் கோமதியம்மாவின் கையைப் பார்த்தார். "மாத்திக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக முயன்று பார்த்தேன். எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் கைப்பிடியைத் திருகி மாட்ட, இன்னொரு கையால் மெஷினைப் பிடிக்க வேண்டியிருந்தது. கம்பெனி பொடி அடைத்துத் தரும் குப்பியைப் போட்டால் போதும் என்பதால் கேப்ஸ்யூல் மெஷின் சுலபம். ஆனால், "சிக்கரி இல்லாம என்ன காபி?" என்று கோமதியம்மா தள்ளிவிட்டார். கடைசியில் கீழ்த் தட்டில் இருந்த, வெந்நீர் பொடி வழியாகச் சொட்டி இறங்கும் சாதாரண டிரிப் காபி மேக்கரை எடுத்தேன். மூடி ஒரு விரலுக்குத் திறந்தது. தண்ணீரைச் சின்ன டம்ளரால் ஊற்றலாம். ஒரே சுவிட்ச்.

"தண்ணியைக் குறைச்சு ஊத்துங்கம்மா, டிகாக்ஷன் கெட்டியா இறங்கும்."

கடைப் பையன்களுக்காக வைத்திருந்த பொடியும் காய்ச்சிய பாலும் சீனியும் கொண்டுவந்து கொடுத்தேன். இடது கையால் பொடியைப் போட்டார். டம்ளர் சாய்ந்து தண்ணீர் கவுண்டரில் சிந்தியது. சுந்தரம் சாரின் கை தானாக நீண்டது.

"விடுங்க சார்," என்றேன்.

இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கோமதியம்மா நிதானமாகக் கலந்து, பேப்பர் கப்பை அவரிடம் நீட்டினார். அவர் ஒரு வாய் குடித்தார்.

"சீனி கம்மியா இருக்கே."

"டாக்டர் சொன்னதை மறந்துட்டீங்களா? பத்து நாளா அள்ளிப் போட்டுக் குடிச்சதெல்லாம் போதும். இனிமே இவ்வளவுதான்."

அவர் முழுவதையும் குடித்துவிட்டு, அந்த டிரிப் மேக்கரையே மாற்றித் தரச் சொன்னார்.

இப்போதெல்லாம் பரிசுக்கென்று யார் வந்தாலும் முதலில் மாடலைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் காபி போடுவது யார், அதில் அவருக்குப் பிடித்த வேலை எது என்று கேட்கிறேன். பதில் தெரியாவிட்டால் அவரையே அழைத்து வரச் சொல்கிறேன். சஸ்பென்ஸ் போய்விடுமே என்று பலர் தயங்குவார்கள். போகட்டும். பெட்டியைப் பிரிப்பது ஒரு நாள்தான். காபி தினமும் போட வேண்டும்.