சோபாவுக்கு இடம் இருந்தது

ராணுவச் சரக்கு விமானங்களில் சாமான் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் 'சங்கிலி அண்ணன்'. இத்தனை வருடத்தில் ஒரு விமானத்திலாவது ஏறி உட்கார்ந்து போயிருக்கிறாரா என்றால், அதுதான் இல்லை. கூலிக்காரனுக்கு ஆகாயம் ஒரு கேடா என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் போயே ஆக வேண்டும். மழையில் மலைப்பாதை சரிந்து ஒரு வாரமாக பஸ் இல்லை. கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு மதியம் இதய ஆபரேஷன்.

"நீங்க வந்து முகத்தைக் காட்டினாத்தான் உள்ள போவேன்னு அம்மா அடம் பிடிக்குறாங்கப்பா. டாக்டர் தள்ளிப் போடவே கூடாதுங்குறார்," என்று மகள் போனில் அழுதிருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி, அன்றைய சரக்கு விமானத்தின் பயணிகள் பட்டியலில் கடைசியாக ஓர் இடம் வாங்கியிருந்தார்.

காலையில் பார்த்தால் அவர் பெயரின் மேல் ஒரு கோடு.

"எடை கூடிப்போச்சுண்ணே. பெரிய அதிகாரிக்கு மாற்றல், அவர் வீட்டு சோபா செட் போகுது. நீங்க அடுத்த வாரம் போங்க," என்றார் சூப்பர்வைசர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

சோபாவாம், சோபா! அதைத் தூக்கி ஏற்றியதே அவர்தான்; தோள்பட்டை இன்னும் வலித்தது. பையோடு சேர்த்து நிறுத்தாலும் அவர் எழுபது கிலோ தேற மாட்டார்.

அந்த ஓடுதளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவர் கையெழுத்துப் போட்ட தாள் வராமல் எந்த விமானியும் என்ஜினைக் கிளப்ப மாட்டார். சூப்பர்வைசர் தாளை நீட்டினார். இவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"பட்டியல்ல என் பேர் இல்லல்ல? அப்ப இந்தத் தாள்லயும் இருக்காது."

"யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசுங்க."

"தெரிஞ்சுதான் பேசுறேன். சோபா ஒரு வாரம் கழிச்சுப் போனா யாரும் சாக மாட்டாங்க."

விமானி கடிகாரத்தைப் பார்த்தார், திரளும் மேகத்தைப் பார்த்தார். "அந்த சோபாவை இறக்குங்கய்யா, இவர் ஏறட்டும்," என்றார்.

உள்ளே ஜன்னலோரமும் இல்லை, மெத்தையும் இல்லை. பக்கச் சுவரை ஒட்டித் தொங்கும் கான்வாஸ் இருக்கை, எதிரே அவரே கட்டிய பெட்டிகள், காது பிளக்கும் சத்தம். இருபத்திரண்டு வருட வசவையும் அந்தச் சத்தத்தில் உரக்கக் கொட்டித் தீர்த்தார். பக்கத்தில் இருந்த சிப்பாய், இவருக்கு வாந்தி வருகிறதென்று நினைத்து ஒரு காகிதப் பையை நீட்டினான். திட்டித் தீர்த்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

இறங்கியதும் ஒரு குமாஸ்தா காத்திருந்தார். "பாஸைக் குடுத்துட்டுப் போங்க. இனிமே வேலைக்கு வர வேணாம்னு மேலேருந்து தகவல்."

கழுத்திலிருந்த பாஸை அறுத்து குமாஸ்தாவின் கையில் திணித்துவிட்டு நடந்தார். வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்.

ஆபரேஷன் அறை வாசலில், சக்கரக் கட்டிலில் மனைவி கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டீங்களா. எத்தனை நாள் லீவு குடுத்தாங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

"நீ எழுந்து நடக்குற வரைக்கும்," என்றார்.

"பரவாயில்லையே, நல்ல மனுஷங்கதான்," என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.