கடலுக்காக எடுத்த மீசை

எங்கள் குடும்பத்தில் அப்பா உயிரோடு இருக்கும்வரை மகன் மீசையை எடுக்கக் கூடாது. எடுத்தால், அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. மார்டள்ளிக் கிராமத்திலிருந்து கொத்து வேலைக்கு மைசூர் வந்து மேஸ்திரியான என் அப்பா, ஊரோடு விட்டுவந்த பழக்கங்கள் எத்தனையோ. சாமிக்குக் கிடா வெட்டுவதைக்கூட விட்டுவிட்டார். இதை மட்டும் விடவில்லை. தொண்ணூறுகளில், என் நாற்பத்து மூன்றாவது வயதில், லட்சத்தீவில் ஒரு கடலோரக் குடிசையின் கண்ணாடி முன்னால் நின்று என் மீசையை எடுத்தேன். அப்பா அப்போது மைசூரில் எங்கள் வீட்டு ஹாலில், கட்டிலில், உயிரோடுதான் இருந்தார்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னேன். அது பொய். உண்மையை இப்போது எழுதுகிறேன். எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்து அப்போது ஆறு வருடம். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் வாய் ஓயாது. வலது கை நன்றாக இருந்ததால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டிக் கூப்பிடுவார். தண்ணீர் கொடு, திருப்பிப் படுக்க வை, ஃபேனைப் போடு, ஃபேனை நிறுத்து. காலையில் அவரைக் கழுவித் துடைத்துவிட்டு ஆபீஸ் போவேன். மதியம் சைக்கிளை மிதித்து ஓடிவந்து இன்னொரு தடவை. சாயங்காலம் மறுபடியும். என் மனைவி சமையலும் அவர் துணிகளுமாகத் தேய்ந்துகொண்டிருந்தாள். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தினம் ஒரு தடவையாவது அவர் சொல்லும் அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியாது.

"நான் என்னைக்கு ஒழிவேன்னு பாத்துக்கிட்டு நிக்கறே. எனக்குத் தெரியாதாக்கும்?"

"ஏம்ப்பா இப்பிடிப் பேசறீங்க? சாமி சத்தியமா அப்பிடி ஒரு நெனப்பே எனக்குக் கெடையாது."

ஆறு வருடம் தினமும் சத்தியம் பண்ணினால் சத்தியத்துக்கே சலித்துப்போகாதா?

நான் வேலை பார்த்தது மத்திய அரசு அலுவலகம். நான்கு வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்வர அரசாங்கமே பயணச் செலவைக் கொடுக்கும், எல்.டி.சி. என்று பெயர். மற்றவர்கள் காஷ்மீர், டில்லி என்று போய் ஸ்வெட்டரோடு திரும்புவார்கள். நான் ஒரு தடவையை அப்படியே காலாவதியாக விட்டிருந்தேன். அடுத்ததும் கைவிட்டுப் போகும் சமயத்தில், லட்சத்தீவுக் கப்பல் பயணத்துக்கான ஒரு விளம்பரத்தாள் என் மேஜைக்கு வந்தது. அதில் ஒரு படம். பவளப்பாறைக்கு மேலே ஒருவன் தண்ணீரில் மிதக்கிறான். சுற்றிலும் மீன்கள். வேறு மனித வாடையே இல்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ராமாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவைக் கெஞ்சிப் பத்து நாளுக்கு வரவழைத்தேன். கிளம்பும்போது அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போ, போ. வரும்போது இருந்தா இருக்கறேன்."

கொச்சியிலிருந்து கப்பல். நான் வாந்தி எடுத்தேன், என் மனைவி வாந்தி எடுக்கவில்லை, அதைத் தீவு வரும்வரை சொல்லிக்காட்டிக்கொண்டே வந்தாள். தீவில் மூன்று நாள் தங்கல். கடலுக்குள் கூட்டிப்போகப் பம்பாய்க்காரர் ஒருவர் இருந்தார், மழமழவென்று சவரம் செய்த முகம். முதல் நாள் மாஸ்க் மாட்டக் கற்றுக்கொடுத்தார். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி அது. பட்டை மாட்டாமலே முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். எல்லோருக்கும் ஒட்டியது. என்னுடையது பொத்தென்று மணலில் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. அவர் என் மூக்குக்குக் கீழே விரலைக் காட்டிச் சிரித்தார். ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் மயிர் இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும் என்றார்.

என்னுடையது சாதாரண மீசை இல்லை. மூக்குத் துவாரம்வரை ஏறி நிற்பது. வாஸலைன் கொடுத்தார், அப்பினேன். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் குப்புற மிதந்தேன். நீலமாக ஏதோ ஒன்று, மஞ்சளாக ஏதோ ஒன்று, ஆஹா என்று நினைப்பதற்குள் மூக்கில் உப்புத் தண்ணீர். எழுந்து நின்று, இருமி, துப்பி, மறுபடி குப்புற விழுவேன். இரண்டு நாளும் இதே கூத்துதான். இவ்வளவு தூரம் வந்து உப்புத் தண்ணீர் குடிக்கத்தானா என்று எனக்கு அழுகையே வந்தது.

மூன்றாம் நாள் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவது. பம்பாய்க்காரர் இரண்டாம் நாள் சாயங்காலமே கறாராகச் சொல்லிவிட்டார், இந்த மீசையோடு உன்னைக் கீழே கூட்டிப்போக மாட்டேன் என்று. முப்பது அடி ஆழத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறினால் பயந்துபோய் மேலே பாய்வாயாம், அது ஆபத்தாம். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் வழித்துக்கொள், போதும் என்றார்.

குடிசைக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"மாமா இருக்கையிலயா? விளையாடறீங்களா?" என்றாள்.

"ஒரு கோடுதான். யாருக்கும் தெரியாது."

"மீன் பாக்கறதுக்கு மைசூர் மீன் மார்க்கெட் பத்தாதா? பேடா, வேணாம், சும்னிருங்க. சொன்னாக் கேளுங்க."

காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது ரேசரை எடுத்தேன். மூக்குக்குக் கீழே ஒரு கோடு வழித்தேன். நேர்த்தியாக வந்தது. மாஸ்க்கை வைத்து மூக்கால் இழுத்தேன், கச்சிதமாக ஒட்டியது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி நின்றேன், பிறகு இடது பக்கத்தில் வைத்து ஒரே இழுப்பு. வலது பக்கத்தில் ஒரே இழுப்பு. நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் மட்டும் இல்லை.

மனைவி வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "கை தவறிடுச்சு" என்றேன்.

அன்று கடலுக்குள் போனேன். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினால் சரியாகும் என்று சொல்லிக்கொடுத்தபடி ஊதினேன். பம்பாய்க்காரர் என் சிலிண்டரை ஒரு கையால் பிடித்தபடியே எனக்கு மேலாக நீந்தி வந்தார். சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பாறை என்று பெயரே தவிர, எல்லாம் உயிர். விரல் விரலாக, மடல் மடலாக, ஊதாவும் மஞ்சளுமாக. கிளி மூக்கு மாதிரி வாய் வைத்த ஒரு பச்சை மீன் பவளத்தைக் கடித்துத் தின்றது, முறுக்குக் கடிக்கிற சத்தம் தண்ணீரில் தெளிவாகக் கேட்டது. அந்தச் சத்தமும் என் மூச்சுச் சத்தமும்தான். பேச முடியாது, யாரும் என்னைக் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது. ஐயோ, என்ன ஒரு சுகம் அது! ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் தோள்பட்டை கீழே இறங்கியது.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றி, வெறும் உதட்டில் காற்று பட்டபோதுதான் எனக்கு ஓர் அப்பா இருப்பதே ஞாபகம் வந்தது. அரை மணி நேரம் அப்பா இல்லாதவனாக இருந்திருக்கிறேன். அந்தச் சுகம் எதனுடைய சுகம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. படகிலேயே உட்கார்ந்து என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

மைசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது தீவில் வாங்கிய தொப்பி தலையில் இருந்தது. வீட்டில் அக்கா என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அட பாவி! அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப என்ன காரியம்டா பண்ணிட்டு வந்திருக்கறே?"

அப்பா கட்டிலிலிருந்து பார்த்தார். என் உதட்டை மட்டும் பார்த்தார். "கை தவறிடுச்சுப்பா" என்றேன். அன்று முழுவதும் டம்ளர் சத்தமே இல்லை. கூப்பிடமாட்டாரா என்று நான் காத்துக் கிடந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் என் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் ஒரு ரோஜா மாலையோடு வாசலில் வந்து நின்றார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். மீசை இல்லை, தலையில் தொப்பி, கண் சிவந்திருக்கிறது. கதை முடிந்தது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாவாக ஹோதரு?" என்று தழுதழுத்தார். எப்போது போனார் என்று கேட்கிறார். ஹாலில் கட்டில் வாசலுக்கு நேராக இருந்தது. போனவர் அங்கிருந்து இவர்களையும் மாலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கன்னடத்தில் கூலியாட்களை மேய்த்த மனிதர், ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போயிருக்காது. மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவர்கள் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குச் சவரம் பண்ணும் நாள். தலையணையை உயர்த்தி வைத்து, சோப்பு நுரை தடவி, வலது கன்னத்தை முடித்தேன். இடது கன்னத்துக்கு வரும்போது அவர் வாயைத் திறந்தார்.

"ஆறு வருசமா எனக்கு வழிச்சு வுடறே. ஒரு கீறல் போட்டதில்ல. உன்ற கையா தவறும்?"

வேறொரு நாளாக இருந்தால் இன்னொரு சத்தியம் பண்ணியிருப்பேன்.

"தவறலீங்கப்பா. நானாத்தான் எடுத்தேன்."

"கடலுக்குள்ள எறங்குனியாமே. தண்ணிக்குள்ள என்னை நெனச்சியா?"

"இல்லீங்கப்பா. ஒருக்காகூட நெனைக்கலை."

நுரைக்கு நடுவில் அவர் கண் என்னையே பார்த்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டட்டும், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"நல்லா இருந்துச்சா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்கப்பா."

"அழுவாதடா கண்ணு. பிளேடு கையில இருக்குது."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கன்னத்தில் கீறிவிட்டேன். நுரை சிவந்தது. துண்டை வைத்து அழுத்தி, "எரியுதுங்களா?" என்றேன்.

"எரியுது," என்றார். "மிச்சத்தையும் வழிச்சு வுடு."