அப்பாவின் பாதங்களுக்கு வைத்த சோதனை

“பத்து வயசுப் பெட்டைக்கு டொக்டர் சொல்லுறது விளங்குமோ? பிழையாச் சொல்லிப்போட்டா உன்ரை காலெல்லோ போகும்!”

மாமா அப்பாவிடம் இப்படிச் சொன்னது நோர்வேயில், ரொம்சோஸ் என்ற இடத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. குடும்பத்திலேயே ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நோர்வேஜிய மொழியில் வகுப்பில் முதலாவது. மறுநாள் அப்பாவுக்கு மொழிபெயர்க்க நானே போனேன்.

அப்பாவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு. வைத்தியர் அவருடைய வயிற்றைச் சுற்றி அளவுநாடா பிடித்தபோது அப்பா மூச்சை இழுத்துப் பிடித்தார். வைத்தியர் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவால் எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்? பிறகு, கண்ணை மூடச் சொல்லிவிட்டு மெல்லிய நைலோன் இழையொன்றால் பாதத்தைத் தொட்டார். தொடுகை தெரிந்தால் சொல்லவேண்டும். ஒரு பிழையும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

முதல் தொடுகைக்கு அப்பா பேசவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மகள் முதலாவது, தகப்பன் பூச்சியமா? அவர் கை என் கைக்குள் இருந்தது. மூன்றாவது தொடுகையில் அவர் விரலை அமத்தினேன்.

“ஓம்” என்றார் அப்பா.

அதன்பின் தொடும்போதெல்லாம் நான் அமத்த, எல்லாமே ஓம். நானே சித்தியடைந்ததுபோல வீடு திரும்பினேன்.

பனி உருகிய நாளொன்றில், துப்புரவு வேலை முடிந்து வந்த அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். காலுறை முழுக்க இரத்தம். வழுக்காமலிருக்க வீதியில் கொட்டும் கூர்க்கல் ஒன்று சப்பாத்துக்குள் கிடந்தது. நாள் முழுக்க அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

“நோகேல்லையே, அப்பா?”

“இல்லையே” என்றவர் தானும் திகைத்துப்போனார்.

அழுதபடியே வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. மறுபடி சோதிக்குமுன் என்னைத் தள்ளி இருக்கச் சொன்னார். போன உணர்வு திரும்புவது கடினம், ஆனால் சீனியோடு வயிற்றுக் கொழுப்பையும் குறைத்தால் நரம்புகள் மேலும் கெடுவதைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது என்றார். அப்பா இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கினார். காயம் ஆறியது. அந்தக் கால்களில்தான் இன்றும் நடக்கிறார்.

பள்ளியில் பார்த்து எழுதினால் அடிக்க வருகிறவர், அன்று ஏன் பேசாமல் ஓம் போட்டார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. கால் மரத்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர் பயந்திருக்கிறார்.

வயிற்றுக் கொழுப்பு நரம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் குழுவொன்றில், துரொண்ட்ஹெய்ம் நகரில், போன மாதம் சேர்ந்தேன். முதலாவதாக வந்த நோயாளியின் பாதத்தைச் சோதிக்குமுன், அவர் கையைப் பிடித்திருந்த மனைவியைக் கொஞ்சநேரம் வெளியே இருக்கச் சொன்னேன்.