கதவிலிருந்து குடில் வரை

என் வீட்டுக்காரர் தியோடரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அவர் பாதியில் விட்ட ஏதாவது ஒன்றில் போய் முட்டுகிறது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நாங்கள் லீசுக்கு இருந்த வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். பாதி ஜன்னல் பச்சை, மீதி துரு. கீபோர்டு வாங்கினார். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் இரண்டு வரியை இன்றைக்கும் பிரமாதமாக வாசிப்பார், மூன்றாவது வரியை யாரும் கேட்டதில்லை. மொட்டை மாடியில் தக்காளி போடத் தொட்டி வாங்கினார், மண் வாங்கவில்லை.

இவருடைய அண்ணன் கிளெமென்ட் மாமா இவரை 'ஹாஃப்' என்றுதான் கூப்பிடுவார். பியுசி இரண்டாம் வருஷத்தில், அதாவது பிளஸ் டூ படிக்கும்போது வைத்த பெயர். அப்போது என் மாமனார் படுத்த படுக்கையாகிவிட, இவர் படிப்பை விட்டுவிட்டு தொம்மலூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் மாமா தன் டிகிரியை முடித்தார். அதை வசதியாக மறந்துவிட்டு, வாசலிலேயே நின்று "ஹாஃப் இருக்கானா?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவரோ சிரித்துக்கொண்டே "இருக்கேண்ணா" என்று போய்க் கதவைத் திறப்பார்.

போன வருஷம் புத்தாண்டன்று மாமா சாப்பிட வந்திருந்தார். சோபாவில் ஒரு புத்தகம் கிடந்தது. முதல் அத்தியாயம்கூடத் தாண்டாத இடத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

"என்னடா ஹாஃப், இதுவும் அவ்ளோதானா?" என்றார் மாமா.

அன்றைக்கு இவர் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கலர் காகிதத்தில் வளையம் வளையமாக ஒட்டி, வாசல் கதவின் உச்சியிலிருந்து மூலையில் இருக்கும் இயேசு பிறப்புக் குடில் வரைக்கும் சங்கிலி கட்டுவோம். ஜனவரி ஆறில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடியும்வரை அது தொங்கும்.

"இந்த வருஷம் பாருண்ணா. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இந்தச் செயினு நான் படிச்ச புஸ்தகத்துலதான். ஒரு புஸ்தகம் முடிச்சா ஒரு வளையம். ஹால் முழுக்க, கதவுல இருந்து குடில் வரைக்கும்."

"ஈஸ்டர் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மாமா கறிக்குழம்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

அன்று பாத்திரம் துடைத்துக் கொடுத்தபடி இவர் மெதுவாகச் சொன்னார்: "இது ஒண்ணயாவது முடிச்சிடணும் மௌரீன்." முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிரித்தே மழுப்பிய மனுஷனுக்கு அந்தப் பெயர் வலித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் மகள் ஆஷ்லி காலேஜில் படிக்கிறாள். சட்டதிட்டம் போட்டது அவள். காகிதமெல்லாம் ஒரே நீளம்தான். தமிழ்ப் புத்தகத்துக்குச் சிவப்பு, இங்கிலீஷுக்குப் பச்சை, கன்னடத்துக்கு மஞ்சள். கடைசிப் பக்கம் முடிந்த பிறகுதான் பசை டப்பா திறக்கும். சின்னப்பிள்ளைகளின் படக்கதை செல்லாது.

இவர் பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கிலீஷும் கன்னடமும். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது ஜெபப் புத்தகத்தில். பிறகு கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் படித்துப் படித்துக் கைவந்தது. அதனால் தமிழில் எதை எடுத்தாலும் பூசை வாசகம் மாதிரியே நீட்டி, நிறுத்தி, உதட்டை அசைத்துத்தான் படிப்பார். பஸ்ஸில் கொலைக் கதை படிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர்கள் பெரியவர் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்து இடம் விடுவார்களாம். அதை வேறு என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

டிராஃபிக்கை வாழ்த்திய ஒரே பெங்களூர்க்காரர் இவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் சிக்னலில் மாட்டித் தலையில் அடித்துக்கொள்ள, இவர் "இன்னிக்கு நல்ல ஜாம், ரெண்டு சாப்டர் ஓடிச்சு" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். ஈஸ்டர் தாண்டியது. சங்கிலி கதவிலிருந்து புறப்பட்டு ஃபேன் பக்கம் வந்துவிட்டது. மாமா வந்தால் கூரையையே பார்க்காமல் காபி குடிப்பார். எனக்கு அதில் அவ்வளவு திருப்தி.

மழைக்காலத்தில் வந்தது சனியன். பழைய புத்தகக் கடையில் இவர் ஆசையாக வாங்கிய, செங்கல் கனத்தில் ஒரு கன்னடப் புத்தகம். அணைக்கட்டுகளின் வரலாறு. ஒரு மாசத்துக்கு மேல் சங்கிலியில் வளையமே ஏறவில்லை. நாற்காலியில் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்தவர் பத்தாவது நிமிஷம் குறட்டை விட்டார்.

"தூக்கிப் போடுங்க அத. வேற எடுங்க. புஸ்தகத்துக்கா பஞ்சம்?" என்றேன்.

"இத விட்டா அண்ணன் சொல்றது கரெக்டுன்னு ஆயிடும் மௌரீன்."

"உங்க அண்ணன உக்கார வச்சு இத படிக்கச் சொல்லுங்க, அப்பத் தெரியும்."

விடவில்லை. அட்டைக்கு அட்டை முடித்தார். மஞ்சள் வளையத்தை ஒட்டிய அன்று ஆஷ்லி கேக் வாங்கி வந்தாள். அணைகளைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். "நிறைய சிமென்ட்" என்றார்.

அக்டோபரில் வீட்டுக்காரம்மா லீஸை முடித்துக்கொண்டார். அவர் மகன் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறானாம். இரண்டு தெரு தள்ளி வேறு வீடு கிடைத்தது. சாமான்கள் டெம்போவில் போயின. சங்கிலியை மட்டும் டெம்போவை நம்பிக் கொடுக்க இவருக்கு மனசில்லை. கழுத்தில் மாலை மாலையாகச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தார். பேக்கரிக்காரர் ஸ்ரீஹர்ஷா கல்லாவிலிருந்து எழுந்து நின்று, "ஏனு சார், எலெக்‌ஷன் கெத்துபிட்ரா?" என்று கேட்டார். தேர்தலில் ஜெயித்துவிட்டீர்களா என்று. "இன்னும் எண்ணிக்கை முடியல" என்று இவர் பதில் சொன்னார். பக்கத்தில் நடந்துவந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புது வீட்டில் சங்கிலியைக் கட்டிப் பார்த்தபோதுதான் இடி விழுந்தது. வெளிச்சம், காற்று, பெரிய ஹால் என்று நாங்கள் ஆசைப்பட்டு எடுத்த வீடு. அந்தப் பெரிய ஹாலின் முக்கால் தூரத்திலேயே சங்கிலி நின்றுவிட்டது. பழைய ஹாலாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு வளையத்தில் கதை முடிந்திருக்கும்.

"பழைய வீட்டு அளவுதாங்க கணக்கு. சொன்னது அங்கதான்" என்றேன்.

இவர் சங்கிலியின் நுனியைப் பிடித்தபடி மீதி இடத்தைக் கண்ணால் அளந்தார். "ஹால் முழுக்கன்னு சொன்னேன். இப்ப நம்ம ஹால் இதுதானே" என்றார். மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் உள்ளுக்குள் இவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போன நாள் அது.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. குக்கர் விசில் எண்ணும்போது படித்தார். கேஸ் சிலிண்டருக்குக் காத்து நின்றபோது படித்தார். கிறிஸ்துமஸ் பலகாரமான குல்குல்லுக்கு மாவை உருட்டச் சொன்னால் ஒரு கையால் உருட்டி மறு கையால் பக்கம் புரட்டினார். அந்த வருஷம் எங்கள் குல்குல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சைஸ்.

கிறிஸ்துமஸ் வந்தது. சங்கிலி குடிலின் கூரைக்கு மேலே வந்து, சரியாக ஒரு வளையம் குறைந்து நின்றது. கையிலிருந்த நாவலில் கடைசி அத்தியாயம் பாக்கி. மத்தியானம் பிரியாணிக்கு தம் போட்டிருந்தேன். மாமா வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டலியே ஹாஃப்."

எனக்கு வந்த கோபத்தில் குடில் வைத்திருந்த மேஜையைப் பிடித்து இழுத்தேன். மாதா, சூசையப்பர், ஆடு மாடு எல்லாம் ஆடின. "இந்தா, இப்ப எட்டுது. குடில் இந்த எடத்துலதான் இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

"நகத்தாத மௌரீன். அங்கயே வை" என்றார் இவர். குரல் உயரவே இல்லை. "ஒரு அத்தியாயம்தான். முடிச்சிட்டு சாப்பிடலாம்."

"டேய், எனக்கு சுகர் இருக்குடா. நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றார் மாமா.

"குல்குல் வேணாம், நாலு கடலை சாப்பிடுண்ணா. நான் சத்தமா படிக்கிறேன், உனக்கும் நேரம் போகும்."

படித்தார். சந்தனக்கட்டை கடத்துகிறவனைப் போலீஸ்காரர் ஒருவர் துரத்திக்கொண்டே போகும் கதை. அதை அப்படியே பூசை வாசகமாக நீட்டி நிறுத்திப் படித்தார். "அப்பொழுது... இன்ஸ்பெக்டர்... துப்பாக்கியை எடுத்தார்." ஆஷ்லி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா முதலில் வாட்சைப் பார்த்தார். அப்புறம் கடலைத் தட்டைக் கீழே வைத்தார். லாரி பாலத்தில் ஏறிய இடத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் இவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, "அப்புறம்? மாட்டினானா?" என்று அதட்டினார்.

மாட்டினான். இவர் கடைசி வரியைப் படித்து, புத்தகத்தை மூடி, கோயிலில் செய்வது போலவே ஒரு நொடி தலை குனிந்து நின்றார்.

"இறைவா உமக்கு நன்றி" என்றார் மாமா. கோயிலில் வாசகம் முடிந்ததும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாக வந்துவிட்டது. பசியில் சொன்னதாகவும் இருக்கலாம். ஆஷ்லி சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

ஆஷ்லி சிவப்புக் காகிதத்தை எடுத்தபோது மாமா கையை நீட்டினார். "குடு. நான் ஒட்டறேன்." ஸ்டூல் மேல் ஏறி, கடைசி வளையத்தைக் கோத்து, பசை காயும்வரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். வளையம் குடிலின் நட்சத்திரத்தைத் தொட்டது. ஸ்டூலில் இருந்தபடியே கதவு வரைக்கும் ஒருமுறை பார்த்தார். கீழே இறங்கி வந்தார்.

"இனி இவன எப்படிம்மா கூப்பிடறது?" என்று என்னைக் கேட்டார்.

"ஞானஸ்நானத்துல ஒரு பேர் வச்சாங்களே மாமா. அது சும்மாதான இருக்கு."

நான் பிரியாணியைக் கொண்டுவந்து வைத்தேன். இவர் இன்னும் சங்கிலியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தட்டை எடுத்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தியோடர், சாப்பிட வா" என்றார்.

இவர் திரும்பவில்லை. அண்ணன் வாயில் அந்தப் பெயரைக் கேட்டுப் பழக்கமே இல்லாததால், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார். மாமா இன்னொரு முறை கூப்பிட்ட பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.