போட்டோ எடுத்தாச்சா, மாமா?

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஆம்பூருக்கு வெளியே ஒரு மலையடிவாரத்தில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை புரியாது.

நான் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன். கூடவே கம்பெனியின் முதலுதவிக் குழுவிலும் இருக்கிறேன். பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன். சேவை மனப்பான்மை என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு முழுக்க மெஷின் முன்னால் நிற்க வேண்டியதில்லை, மதியம் பிரியாணி வேறு. வகுப்பைப் பாதி கேட்டேன், பிரியாணியை முழுசாகச் சாப்பிட்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ‘மாக் டிரில்’ நடக்கும். ஒருவர் அடிபட்டது போல விழுவார், மற்றவர்கள் காப்பாற்றுவார்கள், அதைப் போட்டோ எடுத்து ஃபைலில் வைப்பார்கள். விழுகிற ஆள் வருடா வருடம் நான்தான். நடிப்புத் திறமைக்காக இல்லை, எடை கம்மி என்பதற்காக. ஸ்ட்ரெச்சர் ஒன்று உண்டு. ஆனால் அழுக்கானால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று, வாங்கின பிளாஸ்டிக் உறையோடு ஸ்டோரில் சாத்தி வைத்திருப்பார்கள். அதனால் நாலு பேர் ஆளுக்கொரு கையோ காலோ பிடித்து, ‘ஒன், டூ, த்ரீ’ சொல்லி என்னை ஆட்டுக்குட்டி மாதிரி தூக்குவார்கள்.

“போட்டோ எடுக்கிற வரைக்கும் கண்ணத் தொறக்காத. கத்தாத. ஆடாத,” என்பார் சூப்பர்வைசர். ஒரு தடவை அசந்து நிஜமாகவே தூங்கிவிட்டேன். “இன்னா தோஸ்த், உழச் சொன்னா குடித்தனமே பண்றியே,” என்று அவர் தட்டி எழுப்பினதை கேன்டீனில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் ஒரு பெண் வேலை செய்கிறார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. அவள் படிக்கிற பள்ளியில் குழந்தைகளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தார்கள். போவதற்கு முன்னால் முதலுதவி பற்றியும், வெளியே போனால் எப்படிப் பத்திரமாக இருப்பது என்றும் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டுமாம்.

“நீங்க வாங்கண்ணா. எங்க பொண்ணு ஒரு எடத்துல நிக்க மாட்டா. நாலு விஷயம் தெரிஞ்சிக்கட்டும்,” என்றார்.

போனேன். முதல் பத்து நிமிடம் ஒழுங்கான ஆசிரியனாகத்தான் இருந்தேன். கல்லுக்கு அடியில் கை விடாதே, தேள் இருக்கும். தெரியாத காயைத் தின்னாதே. தனியாகப் போகாதே. காயத்தில் மண்ணையோ காபித்தூளையோ அப்பாதே, சுத்தமான தண்ணீரில் கழுவு. எலும்பு உடைந்திருந்தால் அசைக்காதே. முன்வரிசையில் ஒருத்தன் கொட்டாவி விட்டான். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவனும் விட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கேன்டீனையே சிரிக்க வைக்கிறவன், மூன்றாம் வகுப்பிடம் தோற்பதா?

கல் தடுக்கினது போல அப்படியே தடாலென்று விழுந்தேன். நாக்கை வெளியே தள்ளினேன். ஒரு காலை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தேன். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அப்புறம் கம்பெனியில் செய்வதை அப்படியே செய்ய வைத்தேன். நாலு நாலு பேராக வந்து கை, கால் பிடித்து, ‘ஒன், டூ, த்ரீ’ சொல்லி என்னைத் தூக்கப் பார்த்தார்கள். போட்டோ எடுக்கிற வரைக்கும் அடிபட்டவர் கண்ணைத் திறக்கக் கூடாது, கத்தக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். ஒருத்தன் விரலைக் கேமரா மாதிரி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தான். போட்டோ எடுத்ததும் நான் துள்ளி எழுந்து சலாம் போடுவேன். “இன்னொரு தடவ உழுங்க மாமா,” என்று கேட்டுக் கேட்டு விழ வைத்தார்கள். எலும்பு உடைந்தால் அசைக்காதே என்று என் வாய் சொல்லியிருந்தது. கையைப் பிடித்து இழுத்துத் தூக்கு என்று என் உடம்பு செய்து காட்டியது. எட்டு வயசுக் குழந்தை எதை எடுத்துக்கொள்ளும்?

அன்றிலிருந்து எனக்கு ‘உழற மாமா’, அதாவது விழுகிற மாமா, என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு அவ்வளவு பெருமை. மலையடிவாரத்துக்கு நானும் வர வேண்டும் என்று குழந்தைகள் டீச்சரிடம் அடம் பிடித்ததாகக் கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போனேன்.

சாப்பாட்டு நேரம். டீச்சர்கள் மரத்தடியில் புளிசாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தட்டோடு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரத்தில், ஆள் உயரப் பாறை ஒன்றின் கீழே, குழந்தைகள் கூட்டமாக நின்று கைதட்டிச் சிரிப்பது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். நடுவில் அந்தத் தையல்காரப் பெண்ணின் மகள் படுத்திருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். சத்தம் இல்லை, அசைவு இல்லை. ஒருத்தன் விரலால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். நாலு பேர் கை, கால்களைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

என் பாடத்தைக் குழந்தைகள் தாங்களாகவே நடித்துப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பூரிப்பு. வாயில் சாதத்தோடு சிரித்தேன்.

“சூப்பரா நடிக்கிற கண்ணு. நாக்க மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளு,” என்றேன். பிறகு நானே எண்ணினேன். “ஒன், டூ, த்ரீ, தூக்குங்க.”

தூக்கினார்கள். அப்போதுதான் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது நடிப்பில் வருகிற சத்தம் இல்லை. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். வலது முன்கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. பாறை மேல் ஏறி, கால் வழுக்கி விழுந்திருக்கிறாள்.

பயிற்சியில் நான் கேட்டிருந்த அந்தப் பாதி வகுப்பு அப்போது உதவியது. சாப்பாடு கொண்டுவந்த அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கைக்குக் கீழே கொடுத்து, டீச்சரின் துப்பட்டாவால் கட்டினேன். இதை ஒரு நிமிடம் முன்னால் செய்திருக்க வேண்டும். வேனில் என் மடியில்தான் படுத்திருந்தாள். மூடிய கண்ணின் ஓரமாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள். “மாமா, போட்டோ எடுத்தாச்சா? கண்ணத் தொறக்கட்டா?”

என் சட்டை நுனியால் அவள் கண்ணோரத்தைத் துடைத்தேன். 

வேலூரில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், “விழுந்த பிறகு யாராவது கையைப் பிடித்து இழுத்தார்களா? எலும்பு ரொம்ப விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் சேர்க்க வேண்டும்,” என்றார். அவளுடைய அம்மா கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். டாக்டர் கேட்டதை அவரும் கேட்டார்.

“புள்ளைங்க இழுத்துச்சா அண்ணா?”

“நான்தான்மா எண்ணினேன். நான்தான் தூக்கச் சொன்னேன். நடிக்கிறாள்னு நெனச்சிட்டேன்.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். குழந்தையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, தியேட்டர் கதவைப் பார்த்தபடியே பேசினார்.

“நீங்க கிளாஸ் எடுத்த அன்னிக்கி வூட்டுக்கு வந்து, உங்கள மாதிரியே கட்டில்லருந்து உழுந்து காட்டினாண்ணா,” என்றார். “அழவே இல்ல. நானும் கைதட்டிச் சிரிச்சேன்.”

அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் உள்ளங்கை மேலே பார்க்கும்படி அந்தக் கையை முழுசாகத் திருப்ப முடியவில்லை. பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம் வரலாம் என்கிறார்கள். கம்பெனியில் சண்டை போட்டு ஸ்ட்ரெச்சரின் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். இப்போது டிரில்லில் விழுகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கு மறுபடியும் போய் வகுப்பு எடுத்தேன். ஜோக் கிடையாது. விழுந்தவரைத் தொடாதே, பெரியவரைக் கூப்பிடு. வலித்தால் கத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்து. எல்லோரையும் கத்த வைத்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்துவிட்டார்.

“இன்னைக்கி உழ மாட்டீங்களா மாமா?” என்று ஒருத்தன் கேட்டான். முகத்தில் அவ்வளவு ஏமாற்றம். மாட்டேன் என்றேன்.

போன ரம்ஜான் பெருநாளுக்கு அந்தப் பெண் சேமியா பாயசம் எடுத்துக்கொண்டு மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் குழந்தைக்குக் கை நிறைய சாக்லேட் அள்ளிக் கொடுத்தேன். வலது கையைத்தான் நீட்டினாள். அது பாதி திரும்பி நின்றது. சாக்லேட் ஒவ்வொன்றாகச் சரிந்து விழப் போனது. சட்டென்று இடது கையை அடியில் கொடுத்துக் கிண்ணம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

“இப்டி புடிச்சா உழாது மாமா,” என்று எனக்குச் சொல்லித் தந்தாள்.

அவளும் அவள் அம்மாவும் அந்த நாளை எவ்வளவு மறந்தார்களோ எனக்குத் தெரியாது. நான் மட்டும் இன்றைக்கும், எந்தத் தெருவிலாவது குழந்தைகள் கூட்டமாக நின்று சிரிப்பதைக் கண்டால், நடுவில் யாராவது படுத்திருக்கிறார்களா என்று வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.