பத்து நிமிஷ முகவரியில் ஒரு கல்யாணப் பெண்

என் அண்ணன் யாரையும் நம்ப மாட்டான். அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாலேயே தன்னைப் பெரிய விவரக்காரன் என்று நினைத்துக்கொண்டவன். துணிக்கடையில் மெயில் கேட்டாலும் சரி, செல்போனில் படம் பார்க்கப் பதிவு செய்யச் சொன்னாலும் சரி, பத்து நிமிஷத்தில் தானாகவே காணாமல் போகிற முகவரி ஒன்றைக் கொடுப்பான். அதற்கென்றே ஒரு தளம் இருக்கிறதாம். சொந்த மெயிலைக் கொடுக்கிறவர்கள் அவனைப் பொறுத்தவரை மடையர்கள். ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காபி ஆறிப்போகும்வரை இதையே அளப்பான்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, கல்யாணத் தளத்தில் பதியும் பொறுப்பை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான். பட்டுப்புடவையில் நான் சிரிக்கும் படம், நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் ஏற்றினான். ஒரு வருஷம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அம்மா என் நிறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நானும் கண்ணாடி முன்னால் நிற்பதைக் குறைத்துக்கொண்டேன். கடைசியில் அத்தை யாரிடமோ பேசி, ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில் கல்யாணம் முடிந்தது.

புதுப்பெண் என்ற பேச்சு ஓய்வதற்குள் வந்தது வினை. மாமியாரின் அக்கா தன் மகனுக்குப் பெண் தேடிய தளத்தில் நான் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றேன், மணமகன் தேவை என்று. மாமியார் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஏஞ் சாமி, எங்க ஊடு உனக்குப் புடிக்கலையா?" எனக்கு உயிரே போய்விட்டது. பழைய பதிவு, எடுத்துவிடுகிறேன் என்றேன்.

தளத்துக்காரர்கள், பதிவு செய்த மெயிலிலிருந்துதான் எழுத வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குப் போன் போட்டேன். மகாராசன் எனக்கும் பத்து நிமிஷ முகவரியைத்தான் கொடுத்திருக்கிறான்! கூடக் கொடுத்த நம்பர், சும்மா கிடைத்ததென்று வாங்கித் தூக்கிப்போட்ட சிம். பாஸ்வேர்டும் மறந்தாயிற்று. ஆக, என்னைக் கேட்டு எழுதினவர்கள் அத்தனை பேரும் இல்லாத முகவரிக்கு எழுதியிருக்கிறார்கள். நான் என் மூஞ்சியைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். "கண்டவனெல்லாம் மெயில் போட்டுத் தொல்ல பண்ணுவான் கண்ணு, அதுக்குத்தான்" என்றான். கண்டவனும் மெயில் போடத்தானடா மாப்பிள்ளை தேடுவது, அறிவுக்கொழுந்தே!

அடுத்த பஸ்ஸிலேயே கணவரோடு, அஸ்தம்பட்டியில் அவன் தங்கியிருந்த அறைக்குப் போய்விட்டேன். போலிப் பதிவு என்று யாராவது புகார் கொடுத்தால் எடுத்துவிடுவார்களாம். ஆனால் புகார் கொடுப்பவருக்கு அங்கே கணக்கு இருக்க வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டே ஒரு கணக்கைத் திறந்தான். அவனுடையதுதான். என் கல்யாணம் முடிந்த கையோடு தனக்குப் பெண் தேட ஆரம்பித்திருக்கிறான். இப்படி ஒரு பெண்ணே இல்லை என்று என் படத்துக்குக் கீழே அவன் கையாலேயே தட்டினான்.

மறுநாளே படம் போய்விட்டது. மாமியாரிடம் காட்டினேன், அவர் முகம் தெளிந்தது. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. அவன் புகாரைத் தட்டுவதற்கு முன், திரையில் அவனுடைய பதிவைப் பார்த்துவிட்டேன். கோட்டு போட்ட ஸ்டுடியோ படம். கீழே கல்லூரிக் காலத்திலிருந்து அவன் வைத்திருக்கும் சொந்த மெயில். அதை ஒட்டி அவனே எழுதிய ஒரு வரி: தினமும் பார்க்கப்படும்.