பேட்டரியில் ஒரு பங்கு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவளுக்குக் கை நடுங்கக் கூடாது. அவள் மனமோ, வீட்டில் மூச்சுக்கருவியோடு படுத்திருக்கும் அப்பாவிடமே கிடக்கும். அவரைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ள ஒரு கேமராவும், அதை இயக்க ஒரு குட்டிக் கணினியும் வேண்டியிருந்தன. கரண்ட் போனால் எல்லாமே ஒரே பேட்டரியில்தான் ஓடியாக வேண்டும். கணினி தின்னும் ஒவ்வொரு வாட்டும் அப்பாவின் மூச்சில் கை வைப்பதுதான். கடை கடையாக ஏறி, "இது எத்தனை வாட் இழுக்கும்?" என்று கேட்டே கடைக்காரர்களின் உயிரை வாங்கி, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். தினமும் வீடு திரும்பியதும் முதல் வேலையாக, அது கரண்டை அதிகம் இழுத்துச் சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

நேற்று மதியம் கைப்பேசியில் படம் சட்டென்று மறைந்தது. கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு அப்பா எடுத்தார்.

"கரண்ட் போச்சும்மா. பேட்டரி மிச்சமாகட்டுமேன்னு உன் பெட்டியைப் பிடுங்கி வெச்சுட்டேன்."

"ஐயோ அப்பா! அது உங்களைப் பாக்கறதுக்குத்தானே!"

"என்னையா?" என்றார் அவர். "வீட்டுக்கு வந்தா நீ அந்தப் பெட்டியைத்தானேம்மா பாக்கற."